மறு: கலைச்சொல் – பொம்மைத் துணியின் ‘நேப்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

மெத்தென்ற பொம்மைத் துணியில் எழுந்து நிற்கும் இழை சாய்ந்திருக்கும் திசையை இங்கிலீஷில் ‘நேப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘மயிர்ச்சாய்வுத் திசை’ என்று வைக்கலாமே? பொருள் துல்லியமாக இருக்கிறது.

துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் குழந்தைக்கு டோரேமான் பொம்மை தைக்க உட்காருபவர், வெட்டுப்படிவத்தில் (துணிமேல் வைத்து வெட்டும் காகித மாதிரியில்) அம்புக்குறிக்குப் பக்கத்தில் வாசிக்க வேண்டிய சொல் இது. அந்த இடத்துக்கு இவ்வளவு நீளம் தாங்காது.

நான் முன்வைப்பது: பூவாக்கு.

துணிமேல் எழுந்து நிற்கும் இழைக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் உண்டு. தேங்காய்ப்பூத் துண்டு என்கிறோமே, அந்தப் பூ. பிளஷ் என்கிற மெத்தென்ற பொம்மைத் துணியில் இருப்பதும் அதே இனம்தான். இங்கே இழை வளையமாக இல்லாமல் நுனி வெட்டப்பட்டு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் போக்குதான் நேப்; போக்கைத்தான் ‘வாக்கு’ என்கிறேன். கையால் ஒருபக்கம் நீவினால் வழவழவென்று போகும், எதிர்ப்பக்கம் நீவினால் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். வெளிச்சம் படும் விதமும் மாறுவதால் ஒரே துணி ஒரு பக்கத்திலிருந்து வெளிறியும் மறுபக்கத்திலிருந்து அடர்ந்தும் தெரியும்.

டோரேமான் தலை உருண்டை. ஆரஞ்சுச் சுளை வடிவில் துண்டுகள் வெட்டிச் சேர்த்தால்தான் அந்த உருண்டை வரும். துணி மிச்சமாகட்டும் என்று ஒரு சுளையைத் தலைகீழாகப் போட்டு வெட்டினால், வெட்டும்போது ஒன்றும் தெரியாது. பஞ்சு அடைத்து நிமிர்த்தியதும் அந்தச் சுளை மட்டும் வேறு நீலமாக நிற்கும். பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு வாதாடுகிறேன்.

> ‘வாக்கு’ என்றதும் தேர்தல் நினைவுதான் வருகிறது.

தனியாகச் சொன்னால் வரலாம். நேர்வாக்கு, குறுக்குவாக்கு, படுக்கைவாக்கு என்று சொல்லும்போது யாருக்கும் ஓட்டுச்சாவடி நினைவு வருவதில்லையே. ‘குறுக்குவாக்கில் வெட்டு’ என்று சொல்லிப் பழகிய நாவுக்குப் பூவாக்கு புதிதாகவே இருக்காது.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்.

“பூவாக்கு தலையிலிருந்து காலை நோக்கி இருக்கட்டும்.”
“இரண்டு கைக்கும் பூவாக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.”
“துணியின் பின்புறத்தில் கோடு போட்டு, கத்தரி நுனியால் அடித்துணியை மட்டும் வெட்டுங்கள்; பூ அறுபடக் கூடாது.”
“தையலில் சிக்கிய பூவை ஊசியால் நெம்பி வெளியே எடுங்கள்.”

கடைசி இரண்டையும் கவனியுங்கள். எழுந்து நிற்கும் இழையை இங்கிலீஷில் ‘பைல்’ என்பதற்கும் தனிச்சொல் தேட வேண்டியதில்லை, பூ என்றாலே போதும். பூவாக்குள்ள துணிக்கு எல்லாத் துண்டையும் ஒரே போக்கில் அடுக்க வேண்டும், துணி கூடுதலாகப் பிடிக்கும். படிவங்களில் இந்த அளவைத் தனியாகக் குறிப்பிடும் வழக்கம் உண்டு, அங்கேயும் சொல் பொருந்துகிறது.

1930இல் கலிஃபோர்னியாவில் சார்லட் கிளார்க் என்ற பெண்மணி மிக்கி மவுஸ் பொம்மைகளைக் கையால் தைத்துக் கொடுத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தைத்து மாளவில்லை. இரண்டு ஆண்டுகளில் தையல் படிவங்கள் விற்கும் மெக்கால் நிறுவனம் அதைப் படிவமாகவே அச்சிட்டு விற்றது. வீட்டிலிருப்பவர்கள் தாங்களே தைத்துக்கொண்டார்கள். தமிழில் அப்படி ஒரு படிவம் வரும்போது அதன் அம்புக்குறிக்குச் சொல் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

‘சுளை’யையும் பட்டியலில் சேர்க்கலாம், இங்கிலீஷில் ‘கோர்’ என்கிற துண்டுக்கு. அப்புறம், தையலுக்காக ஓரத்தில் விடும் துணிக்கு உங்கள் ஊர்த் தையல்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? விசாரித்து எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.