புதிய செயின் செட் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தொங்குகிறது: உதவி தேவை

வைகைக்கரை: வணக்கம். வீட்டிலேயே பைக்கின் செயினையும் அது ஓடும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் (பற்சக்கரங்கள்) மாற்றினேன். பின்சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் செயின் கம்பிபோல் விறைக்கிறது. சற்றுத் தள்ளிச் சுற்றினால் தொங்கிச் செயின் கவரில் உரசுகிறது. திங்கட்கிழமை வேலைக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும். விரைவாக ஒரு வழி சொல்லுங்கள்.

ஊர்சுற்றி: எந்த வண்டி, என்ன அளவுச் செயின் என்று சொல்லவில்லையே, நண்பரே. 420, 428 இரண்டுக்கும் கண்ணி இடைவெளி 12.7 மி.மீ.தான், அகலமும் உருளையின் விட்டமும்தான் வேறுபடும். கடையில் 420 கொடுத்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள்.

நெடுஞ்சாலை: சக்கரம் கோணலாக அமர்ந்திருக்கும். ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், இருபுறமும் ஆக்சிலுக்கும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து சரிசெய்யுங்கள்.

பழைய பட்டறை: காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுக்கும் தம்பிகள் வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் தீர்வு கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அளவு தவறான செயின் எல்லா இடத்திலும் தகராறு செய்யும்; கோணல் சக்கரம் பல்லைப் பக்கவாட்டில் தேய்க்கும். இரண்டுமே ஓரிடத்தில் மட்டும் இறுக்கத்தைத் தராது. பின் ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல்லிலும் செயினின் ஒரு கண்ணியிலும் சாக்பீஸால் கோடு போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அதே பல்லில் இறுகினால் குறை பின் ஸ்ப்ராக்கெட்டிலோ அது அமரும் ஹப்பிலோ (சக்கரத்தின் நடுப்பகுதி) இருக்கிறது; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று முறை இறுகினால் முன் ஸ்ப்ராக்கெட்; இறுகும் இடம் செயின் கோட்டோடு சேர்ந்து நகர்ந்தால் செயினேதான்.

கரிசல்: புதிய செயினைப் பெட்ரோலில் கழுவினீர்களா? கம்பெனியில் தடவிய கிரீஸ் போய்விட்டால் கண்ணிகள் மடங்காமல் விறைக்கும்.

நெடுஞ்சாலை: நான் எப்போதும் பெட்ரோலில்தான் கழுவி, பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறேன். ஒன்றும் ஆனதில்லை.

கரிசல்: ஓ-ரிங் (கண்ணிகளில் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம்) இல்லாத செயின் என்பதால் தப்பித்திருக்கும். ஓ-ரிங் உள்ள செயினில் பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். அதன்பின் உள்ளே அடைத்த கிரீஸ் நிற்காது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, 90 கியர் ஆயிலை உட்பக்கமாக விட்டால் போதும். பழைய இன்ஜின் ஆயிலில் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். அதைப் புதிய செயினில் ஊற்றுவதை என்னால் ஏற்கவே முடியாது.

நெடுஞ்சாலை: ஊரில் பாதி மெக்கானிக்குகள் அதைத்தானே ஊற்றுகிறார்கள்?

ஊர்சுற்றி: கேட்டவர் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் அளவுகளைச் சொல்லட்டும்.

வைகைக்கரை: மன்னிக்கவும், பல்சர் 150. செயின் 428, முன்பல் 15, பின்பல் 44. கழுவவில்லை. கோடு போட்டுப் பார்த்தேன்: ஒவ்வொரு சுற்றிலும் அதே பல்லில்தான் இறுகுகிறது.

பழைய பட்டறை: அப்படியென்றால் பின் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றுங்கள். அது அமரும் முகத்திலும், அதை நடுவில் நிறுத்தும் விளிம்பிலும் துருவோ பிசிறோ இருந்தால் வட்டம் மையம் விலகிவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கி, நட்டுகளை ஒரேயடியாக முறுக்காமல் எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு செயின் எங்கே மிக இறுக்கமோ, அங்கே வைத்தே கையேட்டில் உள்ள தளர்வை அமைக்க வேண்டும். தொங்கும் இடத்தில் வைத்து அமைத்தால், இறுகும் இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங் அந்தச் சுமையைத் தாங்க நேரிடும். செயின் லாக்கின் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்) மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருப்பதையும் உறுதிசெய்யுங்கள்.

வைகைக்கரை: விளிம்பில் ஒரு பக்கம் துரு கட்டியிருந்தது. தேய்த்து மாட்டிவிட்டேன், வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

கரிசல்: மகிழ்ச்சி. கழற்றியபோது ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களையும் பார்த்தீர்களா? அவை தேய்ந்திருந்தால் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் செயின் வெட்டி இழுக்கும். புதிய செட்டும் விரைவில் தேய்ந்துவிடும்.