அன்றைக்கே போய்ச் சேர வேண்டிய பூ: எங்கே கெட்டது? (அவரவர் அனுபவம், பெயருக்குப் பதில் இடப்பெயர்)

ஒத்தக்கடை:
மதியம் 2 மணிக்கு ஆர்டர், 6 மணிக்கு அண்ணா நகரில் மணிவிழா. கூடையில் 20 ரோஜா. மண்டபத்தில் இறக்கும்போதே ஏழெட்டுப் பூ கழுத்து மடிந்து தொங்கிவிட்டது. இதழ் வாடவில்லை, காம்பும் பச்சை, தலை மட்டும் சாய்ந்திருக்கிறது. கடையில் கேட்டால் "வெயில் சார்" என்றார்கள். விழா முடிந்து, கூடைக்குள் பூக் காம்புகளைக் குத்தி வைக்கும் பச்சை ஸ்பாஞ்சைப் பிட்டுப் பார்த்தால் சுற்றி ஒரு அங்குலம்தான் ஈரம், நடுவில் காய்ந்த பொடி உதிர்கிறது. தண்ணீரில் கையால் அமுக்கி முக்கியிருக்கிறார்கள். அமுக்கினால் வெளிப்புறம் நனைந்து உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். தண்ணீர் மேல் வைத்துவிட்டுத் தானாக மூழ்க விட வேண்டும். ஒன்றிரண்டு நிமிட வேலை, அவசர ஆர்டரில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கொடைரோடு:
மல்லிக்கு ஸ்பாஞ்சே கிடையாது, ஆனாலும் கெடும். வளைகாப்புக்கு 10 முழம், காலை 11க்குச் சேர வேண்டியது மாலை 5க்குப் போனது. பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வண்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பையைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. மொக்கெல்லாம் விரிந்து ஓரம் பழுப்பேறிவிட்டது. விடியலில் பறித்த மொக்கு பொழுது சாய்ந்த பிறகுதான் விரிய வேண்டும், புழுக்கம் பட்டால் முந்திக்கொள்ளும். வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போதும். ஐஸ் நேராகப் பட்டால் கறுத்துவிடும். மார்கழி, தையில் பனியால் வரத்து குறைந்து விலை ஏறும். அப்போது மல்லி போலவே தெரியும் காக்கடாப் பூவைக் கலந்து கட்டினால் சரம் பார்க்க நன்றாக இருக்கும், வாசம் வராது. கேட்டு வாங்குங்கள்.

அடையாறு டெப்போ:
ஒத்தக்கடை அண்ணே, ஸ்பாஞ்சை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஓசூர் ரோஜா 20 பூக் கட்டாக, அட்டை சுற்றித் தண்ணீர் இல்லாமல் பயணம் செய்து வருகிறது. அதைப் பிரித்த கையோடு குத்தினால் எந்த ஸ்பாஞ்சிலும் தலை தொங்கும், காம்பின் வாயில் காற்று அடைத்திருக்கும். காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே ஒரு அங்குலம் சாய்வாக வெட்டி, ஆழமான வாளியில் 2 மணி நேரமாவது நிறுத்த வேண்டும். அதனால் மதிய ஆர்டர் எடுக்கும் கடையில் காலையிலேயே தண்ணீர் குடித்த பூ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தொங்கினதையும் தூக்கிப் போடாதீர்கள். தலையை நேராக்கிச் செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மறுபடி வெட்டி, ஆழத் தண்ணீரில் ஓரிரு மணி நேரம் வையுங்கள். பாதிக்கு மேல் நிமிரும்.

பூக்காரத்தெரு:
ஆஸ்பத்திரிக்குப் போன லில்லி கீழே செக்யூரிட்டி மேசையிலேயே நின்றுவிட்டது. ஐசியூவுக்குள் பூ விடமாட்டார்கள், முன்பே வார்டைக் கேட்டிருக்க வேண்டும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆன்லைனில் ஆர்டர் எடுக்கும் பல தளங்களுக்குச் சொந்தக் கடை கிடையாது. தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அந்த ஊர்க் கடைக்கு அனுப்புவார்கள். மிஞ்சிய காசுக்குத்தான் பூ வரும், படத்தில் பார்த்த அளவு வராது. வீட்டுப் பக்கத்துக் கடைக்கு நேரே போன் போடுங்கள். "பெரிய பொக்கே" என்று சொல்லாமல் எத்தனை பூ, என்ன நிறம், அது இல்லையென்றால் எது என்று சொல்லுங்கள். முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள், அன்று கடைக்காரர் கை கல்யாண மாலை கட்டுவதில்தான் இருக்கும். கிளம்பும் முன் போட்டோ கேளுங்கள். வாங்குபவர் நம்பர் கட்டாயம், அபார்ட்மென்ட் கேட்டில் அவர் சரி சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். லில்லி என்றால் நடுவில் இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டுத் தரச் சொல்லுங்கள், பட்டுப்புடவையில் பட்டால் ஆரஞ்சுக் கறை. பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லியே வேண்டாம், அதற்கு விஷம்.

கொடைரோடு:
அந்தக் கறை பட்டுவிட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள், உள்ளே இறங்கிவிடும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள்.