ஒரே படிவத்துக்கு மூன்று பெயர்கள்: ஆலோசனை தேவை

வணக்கம். அரசுத் துறை ஒன்றின் இணையதள உள்ளடக்கத்தைத் திருத்தும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்துள்ளது. ஒரே படிவத்தை ஒரு பக்கம் ‘விண்ணப்பம்’ என்றும், மற்றொரு பக்கம் ‘மனு’ என்றும், வேறொரு பக்கம் ‘கோரிக்கைப் படிவம்’ என்றும் குறிப்பிடுவதால், மூன்றையும் தனித்தனியாக நிரப்ப வேண்டுமோ என்று படிப்பவர்கள் குழம்புகிறார்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்ற இணைப்புகளை ஏற்கெனவே மாற்றிவிட்டேன். திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) இணைப்புகளை மட்டும் தொகுத்து வாசிக்கையில் அச்சொற்களுக்குப் பொருளே இராது.

சிக்கல் சட்டச் சொற்களில்தான். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிகாட்டும் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 அணுகல்தன்மை நெறிமுறையின் உச்ச நிலை, கடினமான உரைக்கு எளிய வடிவமோ துணை விளக்கமோ தரச் சொல்கிறது. சட்டப் பிரிவினரோ (பொருள் மாறிவிடுமோ என்ற அவர்களது அச்சமும் நியாயமானதே) ஒரு சொல்லையும் மாற்ற விடுவதில்லை. எளிய சொல்லை முதலில் எழுதிச் சட்டச் சொல்லை அடைப்புக்குள் தருவதா, தனிச் சொற்பட்டியல் வைப்பதா? பலர் எழுதும் தளத்தில் நடைக்கையேட்டை (சொற்களையும் எழுத்துநடையையும் ஒரே சீராக வைக்கும் விதித்தொகுப்பை) செயல்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.