செரோடோனின் மருந்துகள்: நேரில் பார்த்தது, பட்டது

ராத்திரி டியூட்டி:
ஐசியூ நர்ஸ் நான். முட்டி ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மா, வலிக்கு டிரமடால் போய்க்கொண்டிருந்தது. விடியற்காலையில் வேர்த்துக் கொட்டுகிறது, காய்ச்சல், கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்க்கிறார். கிருமித்தொற்று என்று நினைத்து ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டோம். டியூட்டி டாக்டர் வந்தார், ஆபரேஷன் ஆகாத காலின் பாதத்தை வெடுக்கென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தார். பாதம் தானாகவே அடிக்க ஆரம்பித்தது, தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி. நிற்கவே இல்லை.

"வீட்டுல என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"தூக்க மாத்திரை மட்டும்தான் சார்" என்று மகள் பையிலிருந்து ஸ்ட்ரிப்பை எடுத்தாள். எஸ்சிடலோபிராம். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை. அதுவும் டிரமடாலும் சேர்ந்து, நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் செரோடோனின் என்ற ரசாயனத்தை அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டிருந்தன.

டிரமடாலை நிறுத்தினோம். படபடப்பை அடக்க லோராசிபாம் ஊசி. அப்புறம் சைப்ரோஹெப்டடின் மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியாக. பிள்ளைகளுக்குப் பசி எடுக்க சிரப் வாங்குகிறார்களே, அதே மருந்துதான். நரம்பில் செரோடோனின் போய் உட்காரும் இடங்களுக்கு ஏற்பி என்று பேர், அதில் 2ஏ என்ற வகையை இது அடைக்கும். அந்த அம்மா தெளிந்துவிட்டார். ஆனால் அட்மிஷன் ஷீட்டில் "வேறு மருந்துகள்: இல்லை" என்று இருந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

செல்வி:
எனக்கு பராக்செடின், அதுவும் எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைதான். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் சட்டென்று நிறுத்த வைத்தார்கள். பந்தியில் யாரோ கூப்பிட, கண்ணை மட்டும் திருப்பினேன். தலைக்குள் விர்ரென்று கரண்ட் அடித்தது. அதிலிருந்து கண்ணைத் திருப்பும்போதெல்லாம் அதே. டாக்டர் திரும்ப ஆரம்பித்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வீட்டில் இன்றைக்கும் யாரும் நம்பவில்லை. இங்கே யாருக்காவது வந்திருக்கிறதா?

மருந்துக்கடை அண்ணாச்சி:
வரும் தங்கச்சி, நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். பராக்செடின் உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும். அதே வகையில் ஃபுளூவாக்செடின் அப்படியில்லை, அதிலிருந்து உண்டாகிற நார்ஃபுளூவாக்செடின் வாரக்கணக்கில் தங்கி, தானாகவே மெல்லக் குறையும்.

ஆனால் சிஸ்டர் எழுதியதைப் படித்துவிட்டு நாலு பேர் பயந்து மாத்திரையை நிறுத்துவார்கள், அதுதான் என் கவலை. எஸ்சிடலோபிராமை மட்டும் சொன்ன அளவில் சாப்பிடுகிறவருக்கு இப்படி ஆவது அபூர்வம். கூட்டணிதான் ஆபத்து. வெளியே வந்த செரோடோனினை நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழியை எஸ்சிடலோபிராம் அடைக்கிறது. டிரமடால் வலியைக் குறைக்கிற கையோடு அதே வழியையும் அடைக்கிறது. லினெசோலிட் என்ற கிருமிக்கொல்லி இன்னும் மோசம், செரோடோனினைச் சிதைக்கிற நொதியையே தடுக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கிற இருமல் சிரப்பும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். பல் டாக்டரிடம் போனாலும் சீட்டைக் காட்டுங்கள். புதிதாக ஆரம்பித்தவர்கள் முதல் வாரங்களில் பதற்றம் கூடினால் டாக்டருக்கு போன் போடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். செரோடோனின் கூடியதும், மேலும் வெளியே வராமல் 1ஏ என்ற ஏற்பி பிரேக் போடும். அது தளர வாரங்கள் பிடிக்கும், பலன் தாமதமாவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

என் கதை சின்னது. ஃபுளூவாக்செடின் வாங்க வந்த பையன் அந்த இருமல் சிரப்பும் கேட்டான். கொடுக்கவில்லை. முறைத்துவிட்டு அடுத்த கடைக்குள் நுழைந்ததைப் பார்த்தேன்.

கீமோ வார்டு மகன்:
எல்லோரும் தலையையே பேசுகிறீர்கள். உடம்பில் இருக்கிற செரோடோனினில் பெரும்பகுதி குடலில்தான். அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து சிஸ்பிளாட்டின் ஏறியபோது குடல் அதைக் கொட்டித்தான் வாந்தி. முதல் சைக்கிளில் வாந்தி ஆரம்பித்த பிறகுதான் வாந்தியை நிறுத்தும் ஆன்டான்செட்ரான் போட்டார்கள். ராத்திரி முழுக்க பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த முறை வேறு டாக்டர், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்து முன்கூட்டியே போட்டார். செரோடோனின் உட்காரும் 3ஆம் வகை ஏற்பியை ஆன்டான்செட்ரான் முதலிலேயே அடைத்துவிடுகிறதாம். சாயங்காலம் அம்மா ரசம் சாதம் கேட்டார். மலச்சிக்கல் வந்தது, அதைச் சமாளித்துவிடலாம். முதல் தடவையே ஏன் செய்யவில்லை?

ராத்திரி டியூட்டி:
அண்ணாச்சி, நிறுத்தச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மறைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த மகள் பொய் சொல்லவில்லை, வீட்டில் அதற்குப் பேரே தூக்க மாத்திரைதான். இப்போது அட்மிஷனில் "மனசுக்கு ஏதாவது மாத்திரை உண்டா?" என்று தனியாகக் கேட்கிறோம். கூட வந்தவர்களை வெளியே அனுப்பினால்தான் பாதிப் பேர் வாயைத் திறக்கிறார்கள்.

செல்வி, அந்தக் கரண்டை எங்கள் வார்டிலும் சொல்லியிருக்கிறார்கள். நான் நம்புகிறேன்.