புல் பாலமும் இரண்டு ‘நாங்களும்’

பெரு போய் வந்தவர்கள் பெரும்பாலும் மச்சு பிச்சு கதைதான் சொல்வார்கள். என் கதை கேவே மாவட்டத்தில் நடந்தது. கூஸ்கோவிலிருந்து கொம்பபாத்தா, யனவோக்கா வழியாகக் காரில் மூன்று நான்கு மணி நேரம். உயரம் சுமார் 3,700 மீட்டர். மரம் அரிது, மலை முழுக்க விறைப்பான மஞ்சள் புல். அந்தப் புல்லைத் திரித்துத்தான் அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாச்சாக்கா என்ற தொங்குபாலம் கட்டுகிறார்கள். நீளம் 28 மீட்டர் இருக்கும். வருடா வருடம் ஜூனில் பழையதை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிது. 2020இல் கொரோனாவால் வேலை நடக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்தே விழுந்துவிட்டது.

கயிறு திரிப்பது பெண்கள் வேலை. புல்லை ஊறவைத்து, கல்லால் தட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுகிறார்கள். ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் முயன்றேன். வயதான பெண்களை அங்கே ‘மமாய்’ என்று கூப்பிடுவார்கள். நான் திரித்தது ஒரு சாண் போவதற்குள் புரி விட்டுவிட்டது. மமாய் வாங்கிப் பார்த்தார், மிச்சத்தையும் பிரித்தார், திரும்ப என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் பாடம்.

அப்புறம் பாலத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் பேசியது மலைவாழ் மக்களின் கெச்சுவா மொழி. கூட வந்த வழிகாட்டி ஸ்பானிஷில், “நொசோத்ரோஸ் கட்டுகிறோம் என்கிறார்” என்றார். “என்னைச் சேர்த்தா, சேர்க்காமலா?” என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்துவிட்டார். ஸ்பானிஷில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ‘நொசோத்ரோஸ்’ என்ற அந்த ஒரு சொல்தான். கெச்சுவாவிலோ நம்மைப் போலவே இரண்டு: நொக்காய்க்கு என்றால் நாங்கள், நொக்கான்சிஸ் என்றால் நாம். மமாய் சொன்னது நொக்காய்க்கு. சரிதானே, நான்கு ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு கயிறு கொண்டுவந்து கட்டுகிற பாலத்தில் எனக்கென்ன பங்கு?

ஒரு வாசகரின் பதில்: நானும் ஒரு ஜூனில் போனேன். கயிறு திரிக்கும் பெண்கள் பாலம் பின்னும்போது கிட்டே வரக்கூடாது, மேட்டிலேயே நிற்க வேண்டும். என் மனைவிக்கு அதில் இன்றுவரை கோபம். ஆனால் இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் அந்தரத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்களே, அதைப் பார்த்ததும் என் வயிறு கலங்கிவிட்டது. அது சரி, கடைசிவரை உங்களுக்கு ‘நாம்’ கிடைக்கவில்லையா?

என் பதில்: கிடைத்தது. ஆற்றங்கரையிலிருந்து ஏறும்போது மூச்சு முட்டி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மேட்டில் நின்ற மமாய் இறங்கி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையில் நாலு கோக்கா இலை வைத்துவிட்டு என்னமோ சொன்னார். சொல்லின் வாலில் ‘ன்சிஸ்’ மட்டும் காதில் விழுந்தது. வழிகாட்டியிடம் கேட்டேன்.

“முழங்கால் போச்சு நமக்கு.”