50 எம்எம் லென்ஸை முழுசாகத் திறந்தால் ஃபோகஸ் முன்னால் விழுகிறது: கோளாறு பாடியிலா, லென்ஸிலா?

வைகைக்கரை:

வணக்கம். நான்கு மாதம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் (இரட்டை உருவத்தை ஒன்றாகச் சேர்த்துக் கையால் ஃபோகஸ் செய்யும் கேமரா) வாங்கினேன். எம் மவுண்ட் (லைக்கா எம் வகை லென்ஸ் மாட்டலாம்), 24 மெகாபிக்சல், சென்சாரில் விழுவதைத் திரையிலேயே பார்க்கும் லைவ் வியூ உண்டு. கூடவே 35 எம்எம் எஃப் 2 லென்ஸ் ஒன்று வந்தது (எஃப் எண் குறையக் குறைய, ஒளி நுழையும் திறப்பான அப்பர்ச்சர் பெரிது). அப்புறம் ஆசைப்பட்டுத் தனியாக ஒரு 50 எம்எம் எஃப் 1.5 வாங்கினேன். 35-ல் குறை ஒன்றும் தெரியவில்லை. 50-தான் படுத்துகிறது.

போன வாரம் குலதெய்வக் கோயிலில் அண்ணன் மகளுக்கு மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளை, ஒரு மீட்டர் தள்ளி நான். வியூஃபைண்டர் நடுவில் இருக்கும் சிறு கட்டமான பேட்ச்சில் தெரியும் இரட்டை உருவத்தைக் கண்ணிமையில் ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் அழுத்தினேன். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், மூக்கு நுனியில் ஒட்டியிருந்த சந்தனத் துளி அவ்வளவு துல்லியம், கண் இரண்டும் கலங்கல். எஃப் 1.5-ல் எடுத்த 40 படமும் இதே கதைதான். அண்ணி தினமும் படம் கேட்கிறார், நான் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கிய கடையில் கேட்டேன். படத்தைக்கூடப் பார்க்கவில்லை, "பாடியை வெளிநாட்டுக்கு அனுப்பணும், மூணு மாசம் ஆகும்" என்று முடித்துவிட்டார்கள். ஒரு வீடியோவில் 2 எம்எம் அலன் கீயை மவுண்ட்டுக்குள் விட்டு, அங்கே இருக்கும் உருளையைத் திருகிச் சரி செய்கிறார்கள். நானே செய்து பார்க்கலாமா?

இருட்டறை:

அந்த அலன் கீயை எடுத்த இடத்திலேயே வையுங்கள் தம்பி. நோய் எதுவென்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

லென்ஸின் பின்பக்கம் ஒரு உலோக வளையம் ஃபோகஸோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகும். அது பாடிக்குள் இருக்கும் உருளையைத் தள்ளுகிறது, உருளை பேட்ச்சை நகர்த்துகிறது. அவ்வளவுதான் வேலை. சென்சாரில் என்ன விழுகிறது என்று பேட்ச்சுக்குத் தெரியவே தெரியாது. லென்ஸ் சொல்வதை அப்படியே நம்பும். ஆகவே பொய் சொல்வது லென்ஸாகவும் இருக்கலாம், தப்பாகக் காதில் வாங்கிக்கொள்வது பாடியாகவும் இருக்கலாம்.

35 சரியாக இருப்பதை வைத்துப் பாடிக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். ஒரு மீட்டரில் 35 எம்எம் எஃப் 2 என்றால் பழைய ஃபிலிம் கணக்கில் கிட்டத்தட்ட 10 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். 50 எம்எம் எஃப் 1.5-ல் அது மூன்றரை செ.மீ.தான். அதுவும் நீங்கள் 24 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிற ஆள், நடைமுறையில் இன்னும் குறைவு. 35-ல் தப்பு இருந்தாலும் ஒளிந்துகொள்ளும்.

இன்று சாயங்காலமே ஒன்று பாருங்கள். 50-ஐ மாட்டி, வளையத்தை முடிவிலிக் குறியில் முட்டும்வரை திருப்பி, குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எதையாவது பேட்ச்சில் பாருங்கள். நிலாவும் ஆகும். பிம்பம் பக்கவாட்டில் ஒட்டுகிறதா?

ஒற்றைச்சட்டகம்:

கண்ணில் ஃபோகஸ் செய்துவிட்டு ஃப்ரேமைத் திருப்பியிருப்பீர்கள். ஒரு மீட்டரில் 10 டிகிரி திருப்பினாலே ஒன்றரை செ.மீ. போய்விடும். எனக்கும் இப்படித்தான் ஆனது.

இருட்டறை:

அப்படித் திருப்பினால் ஃபோகஸ் ஆளுக்குப் பின்னால் போகும் நண்பரே. இவருக்கு முன்னால் வருகிறது. அதனால் அது காரணம் இல்லை.

பழைய நெகட்டிவ்:

வயசு என்ன தம்பி? எனக்கு 58. ரேஞ்ச்ஃபைண்டர் கெட்டுப்போச்சு என்று ஆறு மாதம் புலம்பினேன், கடைசியில் கெட்டுப்போனது என் கண்ணாடி பவர். வியூஃபைண்டரில் திருகுகிற டயாப்டர் (கண் பவருக்கு ஏற்ற சிறு லென்ஸ்) ஒன்று மாட்டிய பிறகு எல்லாம் சரி. 2004-ல் வந்த எப்சன் ஆர்-டி1-ஐத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் அதுதான். ஆறே மெகாபிக்சல். ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் கேமரா மாதிரி லீவரை இழுக்க வேண்டும். வியூஃபைண்டரில் உலகம் உள்ளபடி அதே அளவில் தெரியும், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே எடுக்கலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்ணைச் சோதித்துப் பாருங்கள்.

வைகைக்கரை:

வயசு 31, கண்ணாடி இல்லை ஐயா. கண் கோளாறு என்றால் ஒரு படம் முன்னால், ஒரு படம் பின்னால் என்று சிதறும்தானே? எனக்கு எல்லாமே முன்னால்தான்.

மொட்டை மாடியிலிருந்து மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கலசம் பக்கவாட்டில் கச்சிதமாக ஒட்டுகிறது. ஆனால் ஒரு பிம்பம் மற்றதைவிட மயிரிழை மேலே நிற்கிறது.

இருட்டறை:

மேல் கீழ் விலகலை விட்டுவிடுங்கள். கண்ணை உறுத்தும், தூரக் கணக்கைக் கெடுக்காது. பக்கவாட்டில் ஒட்டுவது நல்ல செய்தி.

அடுத்த சோதனை. கேமரா ட்ரைபாடில், ஒரு மீட்டரில் மேஜை மேல் நிமிர்த்தி வைத்த தீப்பெட்டி. அதன் பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வையுங்கள், 15 செ.மீ. கோடு தீப்பெட்டியின் முகப்புக்கு நேராக. தீப்பெட்டி விளிம்பில் பேட்ச்சைச் சேர்த்து 1.5, 2, 2.8, 4 நான்கிலும் எடுங்கள். ஒவ்வொரு முறையும் முடிவிலியிலிருந்து புதிதாக ஃபோகஸ் செய்ய வேண்டும். ஸ்கேல் சாய்ந்திருப்பதால் அதில் காணும் விலகலை 0.7-ஆல் பெருக்கினால்தான் உண்மையான ஆழம் வரும். முடிந்தால் யாரிடமாவது வேறு ஒரு 50-ஐ வாங்கி அதையும் சோதியுங்கள். தீர்ப்பு அதில்தான் இருக்கிறது.

வைகைக்கரை:

முடித்துவிட்டேன். எஃப் 1.5-ல் தெளிவு 3 செ.மீ. முன்னால் விழுகிறது, உங்கள் கணக்குப்படி ஆழத்தில் 2 செ.மீ. எஃப் 2-ல் அதில் பாதி. எஃப் 2.8-ல் அச்சு அசலாகத் தீப்பெட்டி மேலேயே! 4-ல் கொஞ்சம் பின்னால் சாய்கிறது, ஆனால் தீப்பெட்டி தெளிவுக்குள்தான் இருக்கிறது.

நண்பரின் 50 எம்எம் எஃப் 2-ஐ அதே பாடியில் மாட்டினேன். எஃப் 2-லேயே சரியாக இருக்கிறது. ஒரே லென்ஸ் அப்பர்ச்சருக்கு ஒரு பேச்சு பேசுமா?

இருட்டறை:

பேசும். உங்கள் லென்ஸ் சோன்னார் வகையா?

வைகைக்கரை:

ஆமாம். பெட்டியிலேயே போட்டிருக்கிறது.

இருட்டறை:

அப்படியானால் உடைந்தது எதுவும் இல்லை, பாடி எங்கும் போக வேண்டாம். இதற்குப் பெயர் ஃபோகஸ் ஷிஃப்ட்.

லுட்விக் பெர்டலே 1930-களின் தொடக்கத்தில் கான்டாக்ஸ் கேமராவுக்காக வரைந்த வடிவம் சோன்னார். கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் கோட்டிங் வராத காலம். காற்றும் கண்ணாடியும் சந்திக்கிற ஒவ்வொரு பரப்பும் ஒளியைச் சிதறடிக்கும். அதனால் அவர் எஃப் 1.5-ல் ஏழு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டிவிட்டார். கான்ட்ராஸ்ட் கிடைத்தது. பதிலுக்குக் கோளப் பிறழ்ச்சி கொஞ்சம் மிச்சமாக நின்றது. லென்ஸின் ஓரத்தில் நுழையும் ஒளி, நடுவில் நுழையும் ஒளியைவிடச் சற்று முன்னதாகவே குவிகிறது. அப்பர்ச்சரை மூடினால் ஓரத்து ஒளி வெட்டுப்பட்டு, தெளிவு பின்னால் நகர்கிறது. எஃப் 1.5-ல் அந்த வழவழப்பான முகத்தைத் தருவதும் இதே பிறழ்ச்சிதான், அதற்காகத்தான் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

உங்கள் லென்ஸை எஃப் 2.8-க்குப் பொருத்தி விட்டிருக்கிறார்கள். நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தால் 1.5-க்கு மாற்றித் தருவார், ஆனால் அப்போது 2.8-ம் 4-ம் பின்னால் போய்விடும். பாதிப் படம் இருட்டில் எடுப்பவர் என்றால் மாற்றுங்கள். நானாக இருந்தால் தொட மாட்டேன். பேட்ச்சைச் சேர்த்த பிறகு உடம்பை இரண்டு செ.மீ. முன்னால் சாய்த்து அழுத்துவேன். லைவ் வியூவும் இருக்கிறது, ஆனால் அசைகிற பிள்ளைக்கு அது சரிப்படாது.

பழைய நெகட்டிவ்:

சாய்வதற்குப் பதில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால் நெற்றி ஓரத்து முடியில் பேட்ச்சைச் சேர்த்தாலும் ஆகும். காது வரைக்கும் போகாதீர்கள், அது அதிகம்.

வைகைக்கரை:

ஐயா, பிள்ளைக்கு மொட்டை. சேர்க்க முடி எங்கே இருக்கிறது?

சாய்ந்துதான் எடுத்தேன். இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் 20 படம், 11-ல் கண் தெளிவு. மீதியில் அவள் என்னைவிட வேகமாகச் சாய்ந்துவிட்டாள். புதுக் கம்மலோடு மூன்று படம் அண்ணிக்கு அனுப்பியாயிற்று. அலன் கீயும் சைக்கிள் டப்பாவுக்கே போய்விட்டது.

இருட்டறை:

நல்லது. 2.8-க்கு மூடினால் சாய்வதை நிறுத்த மறந்துவிடாதீர்கள். நான் ஒரு கல்யாணம் முழுக்கச் சாய்ந்து எடுத்தவன்.