குறைந்தது 2 பெண்கள்: சேர்த்து நீக்கினால் 258, சரியான விடை 186

பதினோராம் வகுப்பு, சேர்வுகள். 6 ஆண்கள், 4 பெண்களிலிருந்து 5 பேர் கொண்ட குழு. அதில் குறைந்தது 2 பெண்கள் இருக்க வேண்டும்.

விடை 186 என்பதில் சந்தேகமில்லை. 2, 3, 4 பெண்கள் என்று வகை பிரித்தால் 120 + 60 + 6. மொத்தம் 252-இலிருந்து பெண்ணே இல்லாத 6, ஒரே பெண் உள்ள 60 இரண்டையும் கழித்தாலும் அதேதான்.

சிக்கல் குறுக்குவழியில். முதலில் 2 பெண்களை எடுத்துவிட்டு (4 பேரில் 2 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள், 4சி2 = 6), மீதி 8 பேரில் யாராவது 3 பேர் (8சி3 = 56) என்றால் 336 வருகிறது. இது ஏன் தவறு என்பது புரிகிறது: 3 பெண்கள் உள்ள குழு 3சி2, அதாவது 3 முறை எண்ணப்படுகிறது, 4 பெண்கள் உள்ள குழு 6 முறை. 120 + 180 + 36 = 336, கணக்கு பொருந்துகிறது.

இந்த மிகையைச் சேர்த்தல்-நீக்கல் முறையில் (மிகையைக் கழித்து, அதிகமாகக் கழித்ததைத் திரும்பக் கூட்டுவது) சரிசெய்யப் பார்த்தேன். 3 பெண்களை முதலில் எடுத்தால் 4 × 7சி2 = 84. 4 பேரையும் எடுத்தால் 1 × 6 = 6. வழக்கம்போல 336 − 84 + 6 போட்டால் 258. மொத்தக் குழுக்களே 252தான்! குறிகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. 84-ஐ 2 முறை கழித்தால் 168, இன்னும் 18 (6-ஐ 3 முறை) கூட்டினால் 186 வருகிறது. ஆனால் அது விடையைப் பார்த்துப் பொருத்தியது.

84-க்கு 2, 6-க்கு 3 என்ற பெருக்கெண்கள் எங்கிருந்து வருகின்றன, 'குறைந்தது 3' என்று கேட்டால் அவை எப்படி மாறும்?